நிமிர்ந்து நின்ற கண்ணாடி: பழைய எஸ்.எல்.ஆர் காமிராக்களின் பழுதும் வரலாறும்

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் நண்பர் ஒருவர் தம் சிற்றப்பா விட்டுச் சென்ற பழைய காமிரா ஒன்றை எங்களிடம் கொண்டுவந்தார். 1950களில் ஜெர்மனியில் செய்யப்பட்டது. தோலுறைக்குள் பத்திரமாக இருந்தது. லென்ஸைக் கழற்றி உள்ளே நோக்கியபோது, சாய்ந்திருக்க வேண்டிய கண்ணாடி மேலே ஒட்டிக்கொண்டு நின்றது. வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் வெறும் இருட்டு. "கண்ணாடி சிக்கிக்கொண்டது" என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தோம். எங்களுள் ஒருவர் விரலால் அதனைக் கீழே அழுத்தினார். விட்டதும் அது மேலேறியது. மீண்டும் சற்று வலிந்து அழுத்தினார். அப்போது கண்ணாடியில் பதிந்த விரல்ரேகையை மற்றொருவர் கைக்குட்டையால் அழுந்தத் துடைத்தார். ரேகை போயிற்று, அதன் இடத்தில் மெல்லிய கீறல்கள் தோன்றின.

மறுவாரம் முதியவரான மெக்கானிக் ஒருவரிடம் அதனைக் கொண்டுசென்றோம். அவர் வாங்கியதும் செய்த முதல் வேலை, படச்சுருளை நகர்த்தும் லீவரை ஒரு முறை சுற்றியதுதான். கண்ணாடி மெல்ல இறங்கித் தன் இடத்தில் அமர்ந்தது. "தம்பி, இதுல பழுதே இல்லையே. லீவரைச் சுத்தினா கண்ணாடி தானா இறங்கும். இந்தக் கீறல்தான் புதுசு" என்றார்.

பழுதில்லாத ஒன்றைப் பழுதென்று எண்ணி, அதனைச் சரிசெய்யப் போய் உண்மையிலேயே பழுதாக்கியிருந்தோம். எங்களுக்குக் கைத்திறன் குறைவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதனினும் பெரிய குறை வரலாறு அறியாமை. அக்காமிரா பிறந்த ஆண்டில் கண்ணாடி எவ்வாறு இயங்கியது என்று தெரிந்திருந்தால் விரல் உள்ளே போயிருக்காது. எஸ்.எல்.ஆர் காமிராவின் கண்ணாடிக்கு மூன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அதன் ஒவ்வொரு கட்டமும் தனக்கேயுரிய பழுதுகளை விட்டுச் சென்றிருக்கிறது. அவற்றை வரிசைப்படி காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணாடி எதற்கு?

புகைப்படம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே ஓவியர்கள் இருட்டறைப் பெட்டியைப் பயன்படுத்தினர். ஒருபுறம் லென்ஸ், மறுபுறம் திரை. திரையில் உருவம் தலைகீழாக விழும். 1676இல் யோஹான் கிறிஸ்டோஃப் ஸ்டுர்ம் என்ற ஜெர்மானியப் பேராசிரியர், பெட்டிக்குள் 45 பாகைச் சாய்வில் ஒரு கண்ணாடியை வைத்து உருவத்தை மேற்புறம் திருப்பும் முறையை விவரித்தார். 1685இல் யோஹான் ஸான் என்ற துறவி 'செயற்கைக் கண்' என்னும் பொருள்படும் லத்தீன் நூலில், கையில் எடுத்துச் செல்லத்தக்க அத்தகைய பெட்டிகளின் படங்களை வெளியிட்டார். இன்று பார்ப்பவர்க்கும் அவை காமிராக்களாகவே தோன்றும். ஆனால் அவ்வுருவத்தைப் பிடித்துவைக்கும் வேதியியல் வருவதற்கு இன்னும் 140 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஸானின் பெட்டியில் கண்ணாடிக்கு ஒரே வேலை: ஒளியைத் திருப்புவது. அது அசைய வேண்டியதில்லை. புகைப்படம் வந்தபின் நிலைமை மாறியது. லென்ஸ் வழியே வரும் அதே ஒளி, முதலில் கண்ணுக்கும் பிறகு படச்சுருளுக்கும் சென்றாக வேண்டும். இரண்டிற்கும் நடுவில் நிற்பது கண்ணாடி. ஆகவே அது பார்க்கும்போது சற்றும் அசையாமல் நிற்கவும் வேண்டும். படம் எடுக்கும்போது முழுமையாக விலகவும் வேண்டும். எஸ்.எல்.ஆர் கண்ணாடியின் எல்லாத் தொல்லைகளும் இவ்விரு கடமைகளுக்கும் இடையிலான முரணிலிருந்தே பிறந்தவை.

1861இல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேயர் இம்முரணுக்கு முதல் தீர்வைக் கண்டு காப்புரிமை பெற்றார். ஜேம்ஸ் கிளர்க் மாக்ஸ்வெல்லின் வண்ணக் கொள்கையை மெய்ப்பிக்க, அதே 1861இல் வண்ண நாடா ஒன்றினைப் படமெடுத்துக் கொடுத்தவரும் இவரே. அவருடைய அமைப்பில் கண்ணாடியைக் கையால் ஒரு நெம்புகோல் கொண்டு உயர்த்த வேண்டும். ஒளியை மறைத்துத் திறக்கும் ஷட்டராகவும் கண்ணாடியே பணியாற்றியது. 1884இல் அமெரிக்காவில் கால்வின் ரே ஸ்மித் விற்பனைக்குக் கொண்டுவந்த காமிராவிலும் இதே ஏற்பாடுதான். பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகழ்பெற்ற கிராஃப்ளெக்ஸ் காமிராக்களில் ஷட்டர் தனியே பிரிந்து, படத்தகட்டின் முன் ஓடும் திரையாயிற்று. கண்ணாடி வில்லின் விசையால் மேலேறும், ஆனால் கீழிறங்காது. அடுத்த படத்திற்கு முன் ஒரு நெம்புகோலை அழுத்தி அதனை இறக்கிவைக்க வேண்டும். 1936இல் டாரதியா லாங் கலிஃபோர்னியாவில் எடுத்த, 'புலம்பெயர்ந்த தாய்' என்று உலகமறிந்த படம் கிராஃப்ளெக்ஸில் எடுக்கப்பட்டதே. ஒவ்வொரு படத்திற்குப் பின்னும் எடுப்பவர் கண்முன் இருள் கவிந்திருக்கும். அதனை அக்காலத்தில் எவரும் பழுதென்று எண்ணியதில்லை.

இருள் ஒரு குறையன்று

அதே 1936இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர இஹாகே நிறுவனம் கினே எக்ஸாக்டாவை வெளியிட்டது. கார்ல் நூக்டர்லைன் வடிவமைத்த இக்காமிரா, 35 மி.மீ. திரைப்படச் சுருளைப் பயன்படுத்தி உலகெங்கும் பரவிய முதல் எஸ்.எல்.ஆர். ஏறக்குறைய அதே காலத்தில் லெனின்கிராடில் 'ஸ்போர்ட்' என்ற காமிராவும் உருவாயிற்று. எக்ஸாக்டாவில் படத்தை எடுத்தவுடன் கண்ணாடி மேலே நின்றுவிடும். சுருளை நகர்த்தும் லீவரைச் சுற்றும்போது ஷட்டரின் வில்லும் முறுக்கேறும். அதே அசைவில் கண்ணாடியும் இறங்கும். ஒரே கையசைவில் மூன்று வேலைகள். மிகச் சிக்கனமான ஏற்பாடு அது.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954) படத்தைப் பார்த்தவர்களுக்கு இக்காமிரா நினைவிருக்கும். கால் முறிந்து சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், நீண்ட லென்ஸ் பொருத்திய எக்ஸாக்டாவின் வழியே எதிர்வீட்டுச் சன்னலை உற்று நோக்குகிறார். பொத்தானைத் தொடாதவரை அது அருமையான தொலைநோக்கி. தொட்டுவிட்டாலோ, லீவரைச் சுற்றும்வரை எதிர்வீடு அவர் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

ஆகவே பழைய காமிராவில் கண்ணாடி மேலே நிற்கக் கண்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இது தானாக இறங்கும் வகையைச் சேர்ந்ததா? எக்ஸாக்டா வரிசையில் 1967இல் வந்த விஎக்ஸ் 1000 வரையிலும், பிராக்டிகா வரிசையில் 1960களின் நடுப்பகுதி வரையிலும், ரஷ்ய ஜெனிட் வரிசையில் 1965இன் ஜெனிட்-இ வரும் வரையிலும் கண்ணாடி தானாக இறங்காது. ஸ்வீடனின் ஹாஸல்பிளாட் 500சி 1957இல் வந்தது. அதன் வழிவந்த காமிராக்கள் 2013இல் உற்பத்தி நிற்கும்வரை இதே முறையையே கைக்கொண்டன. அவற்றிலும் சுருளைச் சுற்றினால்தான் உருவம் மீளும். இக்காமிராக்கள் எதிலும் கண்ணாடியை விரலால் தொட வேண்டிய தேவையே இல்லை. லீவரோ கைப்பிடியோ நகர மறுத்தால், அதுதான் பழுது. கண்ணாடி அதன் விளைவு மட்டுமே.

புடாபெஸ்டிலிருந்து டோக்கியோவிற்கு

கண்ணாடி தானாகவே திரும்ப வேண்டும் என்று முதலில் கனவு கண்டு அதனைச் செய்தும் காட்டியவர் ஹங்கேரியரான யெனோ டுலோவிட்ஸ். அவரே ஒரு புகைப்படக் கலைஞர். படம் எடுத்தபின் கவியும் இருளின் தொல்லையை அனுபவித்தவர். 1943இல் காப்புரிமை பெற்றார். போருக்குப் பின் 1940களின் பிற்பகுதியில் புடாபெஸ்டின் காமா தொழிற்சாலை அவருடைய டுஃப்ளெக்ஸ் காமிராவை மிகக் குறைந்த எண்ணிக்கையில் செய்தது; விரைவிலேயே உற்பத்தி நின்றது. காலத்தை முந்திப் பிறந்த பல கருவிகளுக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது.

டோக்கியோவின் அசாஹி ஆப்டிகல் நிறுவனம் 1952இல் ஜப்பானின் முதல் 35 மி.மீ. எஸ்.எல்.ஆரான அசாஹிஃப்ளெக்ஸை வெளியிட்டது. 1954இல் வந்த அதன் 2பி வகையில், படம் எடுத்த கணத்திலேயே கண்ணாடி கீழிறங்கியது. இதற்கிடையே 1949இல் டிரெஸ்டனில் வெளியான காண்டாக்ஸ் எஸ், ஐங்கோணப் பட்டகத்தின் உதவியால் இடவல மாற்றமின்றி நிமிர்ந்த உருவத்தைக் கண்மட்டத்தில் காட்டத் தொடங்கியிருந்தது. இரண்டையும் ஒருங்கே கொண்டு 1957இல் அசாஹி பென்டாக்ஸ் வந்தது. 1959இல் நிக்கான் எஃப் வந்தது. அதன்பின் எஸ்.எல்.ஆர் என்றாலே இப்படித்தான் என்றாயிற்று.

தானாக இறங்கும் கண்ணாடியின் இயக்கத்தைச் சற்றே விளங்கிக்கொள்வது நல்லது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலேறும். உச்சியை அடைந்ததும் அது ஒரு நெம்புகோலைத் தட்டி ஷட்டரின் முதல் திரையை விடுவிக்கும். முதல் திரை ஓடிப் படச்சுருளை ஒளிக்குத் திறக்கும். குறித்த நேரம் கழித்து இரண்டாம் திரை ஓடி மூடும். இரண்டாம் திரை தன் பயணத்தின் இறுதியில் மற்றொரு நெம்புகோலைத் தட்டும். அத்தட்டுதான் கண்ணாடியைக் கீழே விடுவிக்கிறது. இது ஓர் அஞ்சலோட்டம். ஒருவர் கைக்கோலை மற்றவரிடம் கொடுத்தால்தான் ஓட்டம் முடியும்.

இதிலிருந்து பிறப்பதே பழைய பென்டாக்ஸ் போன்ற துணித்திரைக் காமிராக்களில் மிகப் பரவலாகக் காணும் பழுது. பல ஆண்டுகள் இயங்காமல் கிடந்ததால் எண்ணெய் இறுகி, இரண்டாம் திரை தளர்ந்து ஓடும். கடைசி ஓரிரு மில்லிமீட்டரை அதனால் கடக்க இயலாது. கைக்கோல் கைமாறாது, கண்ணாடி மேலேயே நிற்கும். பார்ப்பவர் கண்ணாடியைக் குற்றம் சொல்வார். குற்றவாளி திரை. இதற்குச் சான்று காண்பது எளிது: வேகமான நிலையில் கண்ணாடி நின்று, மெதுவான நிலையில் இறங்குகிறதா, அல்லது சில முறை வெறுமனே இயக்கியபின் சரியாகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியாயின் தேவை, திரையின் உருளைகளைத் துடைத்து எண்ணெயிடும் முழுச் சேவை. திரையின் வில்லை மேலும் முறுக்கினால் தற்காலிகமாகச் சரியாகும். ஆனால் இரு திரைகளின் வேகமும் ஒன்றோடொன்று பொருந்தாமற் போய், படத்தின் ஒருபுறம் வெளிறியும் மறுபுறம் இருண்டும் பதியும்.

நிக்கான் எஃப் போன்றவற்றில் மற்றொன்றையும் நோக்க வேண்டும். அதனுடன் 1959இல் வந்த 21 மி.மீ. லென்ஸின் பின்பகுதி கண்ணாடி இருக்கும் இடம்வரை நீண்டிருந்தது. அதனைப் பொருத்துவதற்காகக் கண்ணாடியை மேலேயே நிறுத்திவைக்கும் திருகு ஒன்று வைத்தனர். முந்தைய உரிமையாளர் அதனைத் திருப்பிவிட்டு மறந்திருக்கலாம். மினோல்டா எஸ்ஆர்-டி 101இன் (1966) தொடக்ககாலப் பிரதிகளிலும் இத்தகைய திருகு உண்டு. அங்கே பழுது நீக்கும் வேலை, ஒரு திருகைத் திருப்புவதோடு முடிந்துவிடும்.

மோதலைத் தணிக்க வந்தவை

கண்ணாடி விரைந்து ஏறி விரைந்து இறங்கத் தொடங்கியதும் புதிய தொல்லை வந்தது. உச்சியில் அது மோதும் அதிர்ச்சி காமிரா முழுவதையும் உலுக்கும். 1/15 வினாடி அளவிலான மெதுவான வேகங்களில், முக்காலியில் நிறுத்தியிருந்தாலும் படம் மெல்லக் கலங்கும். அதனைத் தணிக்கப் பொறியாளர்கள் பல வழிகளைக் கண்டனர். அவ்வழிகளே பின்னாளில் பழுதுகளாயின.

எளியதும் பரவலானதுமான வழி, கண்ணாடி மோதும் விளிம்பில் பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் பட்டை ஒன்றை ஒட்டுவது. புதிதில் அது மெத்தைபோல் இருக்கும். ஆனால் பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து சிதையும் பொருள். முப்பது நாற்பது ஆண்டுகளில் அது தார்போல் ஒட்டும் கரிய பிசினாகிறது. நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றுக்கு இவ்வேலை இன்னும் எளிது. விளைவுகள் மூன்று. கண்ணாடி அப்பிசினில் ஒட்டி மேலேயே நிற்கலாம். பிசினின் துகள்கள் உதிர்ந்து, உருவம் விழும் சொரசொரப்பான தகட்டில், அதாவது குவியத்திரையில், படியலாம். மெத்தை முற்றிலும் தேய்ந்துவிட்டால் கண்ணாடி உலோகத்திலேயே மோதி, நாளடைவில் விரிசல் காணலாம்.

இதனைச் சரிசெய்வது வீட்டிலேயே இயலும். கண்ணாடியின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை விரித்து மூடி, காமிராவைத் தலைகீழாகப் பிடித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் சிறிதே நனைத்த மரக்குச்சியால் பிசினைச் சுரண்டி எடுக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் குவியத்திரை கீழே வரும் என்பதால், அதன்மீது துகளோ திரவமோ விழாதபடி அதனையும் காகிதத்தால் மறைப்பது அவசியம். பின்னர் அதே தடிமனுள்ள புதிய பட்டையை ஒட்ட வேண்டும். தடிமன் மிகுந்தால் கண்ணாடி முழுமையாக மேலேறாது; அஞ்சலோட்டம் முதல் அடியிலேயே நின்றுவிடும்.

யோஷிஹிசா மைதானி வடிவமைத்து 1972இல் வந்து, மறு ஆண்டு ஓஎம்-1 என்று பெயர் மாறிய ஒலிம்பஸ் காமிராவில், காற்றழுத்தத்தால் அதிர்ச்சியைத் தணிக்கும் உருளை வைக்கப்பட்டது. கண்ணாடியைப் பொறுத்தவரை அருமையான தீர்வு. ஆனால் அதே காமிராவில் ஐங்கோணப் பட்டகத்தின் அருகே வைத்த ஸ்பாஞ்ச் சிதைந்து, பட்டகத்தின் வெள்ளிப்பூச்சை அரித்தது. வியூஃபைண்டரில் கரிய கோடு தெரிந்தால் பலரும் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்குகின்றனர். கோடு கண்ணாடியில் இல்லை. அதற்கு மேலே இருக்கிறது.

1976இல் வந்த கேனன் ஏஇ-1, ஐம்பது இலட்சத்திற்கும் மேல் விற்றது. அதில் கண்ணாடியின் வேகத்தைக் கட்டுப்படுத்தச் சிறு பற்சக்கரங்கள் உள்ளன. அவற்றின் எண்ணெய் உலர்ந்ததும், படமெடுக்கும்போதெல்லாம் கீச்சென்ற ஒலி எழும். இருமல் வந்தவர் மூச்சிழுப்பதுபோல் இருக்கும். ஷட்டர்தான் கதறுகிறது என்று எண்ணுவோர் பலர். உரிய அச்சில் ஊசிமுனையால் ஒரே ஒரு துளி மெல்லிய எண்ணெய் இட்டால் ஒலி நின்றுவிடும். டப்பாவிலிருந்து பீய்ச்சும் எண்ணெயை உள்ளே அடித்தாலோ, அது திரையிலும் காந்தங்களிலும் பரவி, இருமலோடு வந்த நோயாளி எழுந்திராமலே போய்விடுவார்.

பென்டாக்ஸ் எம்ஈ சூப்பர் (1979) காமிராவில், இயக்கத்தின் உள்ளே வைத்த சிறு ரப்பர் தாங்கி காலப்போக்கில் கூழாகிக் கண்ணாடியை மேலே பிடித்துக்கொள்கிறது. இதுவும் அமைதிக்காக வைத்த மெத்தை தந்த தொல்லையே.

மின்கலத்தின் மௌனம்

1970களில் ஷட்டரின் நேரத்தை மின்சுற்று கணிக்கத் தொடங்கியது. அப்போது அஞ்சலோட்டத்தில் ஒரு புதிய ஓட்டக்காரர் சேர்ந்தார். இரண்டாம் திரையை விடுவிக்க வேண்டியது மின்காந்தம். மின்கலம் தீர்ந்திருந்தால் ஆணை வராது. கண்ணாடி மேலேயே நிற்கும். இதனை வடிவமைப்பாளர்கள் அறிந்திருந்தனர். ஆகவே மீட்கும் வழியையும் வைத்தனர். ஒலிம்பஸ் ஓஎம்-2இல் (1975) திருகினை மீட்டமைக்கும் நிலைக்குத் திருப்பினால் கண்ணாடி இறங்கும். நிக்கான் எஃப்ஈ-யில் (1978) மின்சாரமின்றியும் இயங்கும் எம்90 நிலைக்குத் திருப்பினால் போதும். இவ்விரு நிலைகளும் பெயரளவில் குறிக்கப்பட்டிருப்பதால் பலர் கவனிப்பதில்லை. புதிய மின்கலம் ஒன்று போட்டுப் பார்க்காமலே பழுது என்று மூலையில் ஒதுக்கப்பட்ட காமிராக்களை நாங்களே கண்டிருக்கிறோம்.

அசையாத கண்ணாடி

கண்ணாடி அசைவதால்தானே இத்தனை தொல்லை. அதனை அசைக்காமலே விட்டால் என்ன? 1965இல் கேனன் நிறுவனம் பெல்லிக்ஸ் காமிராவில் இதனை முயன்றது. 0.02 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய படலத்தின் மீது பாதி ஊடுருவும் பூச்சு இட்டு, அதனை அசையாமல் நிறுத்தினர். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு ஒளி படச்சுருளுக்குச் செல்லும், எஞ்சியது கண்ணுக்கு. அதிர்ச்சியும் இல்லை, இருளும் இல்லை. ஆனால் வியூஃபைண்டர் மங்கியது. மேலும், பிற காமிராக்களில் கண்ணாடியின் தூசு படத்தில் ஒருபோதும் விழாது; பெல்லிக்ஸில் ஒளி அதனை ஊடுருவியே படத்திற்குச் செல்வதால் தூசும் கறையும் படத்தின் தெளிவைக் குறைக்கும். துடைக்கலாம் என்றாலோ, அப்படலம் தொட்டாலே சுருங்கும். ஒரு முரணை விலக்கினால் மற்றொன்று முளைக்கும் என்பதற்கு இக்காமிரா நல்ல சான்று.

முன்பரப்பின் மென்மை

இனி எங்கள் காமிராவிற்குத் திரும்புவோம். முகம் பார்க்கும் கண்ணாடியில் பூச்சு பின்புறம் இருக்கும். அதனை எவ்வளவு துடைத்தாலும் சேதமில்லை. காமிராவின் கண்ணாடியில் பூச்சு முன்புறமே இருக்கிறது. பின்புறம் பூசினால் கண்ணாடியின் மேற்பரப்பும் சிறிது ஒளியைத் திருப்பி, உருவம் இரட்டையாகத் தெரியும். இச்சிக்கலை முதலில் எதிர்கொண்டவர்கள் வானியலாளர்கள். 1850களின் பிற்பகுதியில் ஃபூக்கோ கண்ணாடியின் முன்பரப்பில் வெள்ளி பூசித் தொலைநோக்கி செய்தார். வெள்ளி விரைவில் கறுத்தது. 1930களில் ஜான் ஸ்ட்ராங் வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைக்கும் முறையை வளர்த்தார். 1935இல் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கிக்கு அம்முறையில் பூச்சிடப்பட்டது. உள்ளங்கையில் அடங்கும் காமிராக் கண்ணாடியும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அப்பூச்சு கண்ணாடியினும் மென்மையானது; மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த தடிமனுடையது. கைக்குட்டை அதற்கு உப்புத்தாள். காற்று நிரம்பிய ரப்பர் குமிழால் தூசை ஊதிவிடுவதே போதும். ஊதியும் போகாத தூசோடு வாழப் பழகுவது சாலச் சிறந்தது. அது எந்தப் படத்திலும் விழப்போவதில்லை.

நாங்கள் துடைத்த அந்த ரேகையும் எந்தப் படத்திலும் விழுந்திருக்காது. ஆனால் வலிந்து அழுத்தியதன் விளைவு படத்தில் விழுந்தது. நண்பர் அக்காமிராவில் தம் பாட்டியைப் படமெடுத்தார். 36 படங்கள். கழுவி வந்த படங்களில் பாட்டியின் முகம் எல்லாவற்றிலும் மங்கலாக இருந்தது. அவருக்குப் பின்னால் சுவரில் தொங்கிய நாள்காட்டியின் தேதி துல்லியமாகத் தெரிந்தது.

காரணம் எளிய வடிவியல். லென்ஸிலிருந்து கண்ணாடி வழியாகக் குவியத்திரைக்குச் செல்லும் தூரமும், லென்ஸிலிருந்து நேராகப் படச்சுருளுக்குச் செல்லும் தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும். கண்ணாடி அமரும் முளை எங்கள் விரலின் அழுத்தத்தால் சிறிதே வளைந்து, கண்ணாடி தாழ்ந்துவிட்டது. கண்ணுக்குச் செல்லும் பாதை நீண்டது. எனவே கண்ணுக்குப் பாட்டி தெளிவாகத் தெரிந்த நிலையில், படச்சுருளில் தெளிவு அவருக்குப் பின்னால் விழுந்தது. இதனைச் சோதிக்கும் முறையை மெக்கானிக் எங்களுக்குக் காட்டினார். காமிராவின் பின்கதவைத் திறந்து, சுருள் ஓடும் தண்டவாளங்களின் மேல் மங்கலான ஒட்டுநாடாவைத் தட்டையாக ஒட்டி, ஷட்டரை 'பி' நிலையில் திறந்துபிடித்துத் தொலைவிலுள்ள கோபுரத்தையோ மின்கம்பத்தையோ நாடாவில் தெளிவாக்க வேண்டும். பின்னர் லென்ஸைத் தொடாமல் வியூஃபைண்டரில் பார்க்க வேண்டும். இரண்டிலும் தெளிவு ஒத்திருந்தால் கண்ணாடி சரியான இடத்தில் இருக்கிறது. ஒவ்வாவிட்டால் முளையைச் சரிசெய்ய வேண்டும். அவர் அதனைச் சரிசெய்தார். அடுத்த சுருளில் பாட்டியின் முகத்துச் சுருக்கங்கள்கூடத் தெளிவாக வந்தன.

கேள்விகளின் வரிசை

கண்ணாடி மேலே நின்றால் கேட்க வேண்டிய கேள்விகளைக் கால வரிசையிலேயே அடுக்கிவிடலாம். இது தானாக இறங்காத காலத்துக் காமிராவா? லீவரைச் சுற்றிப் பார்த்தாயிற்றா? கண்ணாடியை நிறுத்தும் திருகு திருப்பப்பட்டிருக்கிறதா? லென்ஸின் பின்பகுதி கண்ணாடியைத் தடுக்கிறதா? மின்சுற்றுக் காமிராவாயின் மின்கலம் புதியதா, மீட்கும் நிலையை முயன்றாயிற்றா? ஸ்பாஞ்ச் பட்டை பிசினாகிவிட்டதா? இவை எதுவும் இல்லையெனில், இரண்டாம் திரை தன் பயணத்தை முடிக்கிறதா? இவற்றுள் எதற்கும் விடைகாண விரல் உள்ளே போக வேண்டியதில்லை என்பதைக் கவனிக்கவும்.

2020இல் நிக்கான் எஃப்6 உற்பத்தி நின்றது. புதிதாக வரும் பெரும்பாலான காமிராக்களில் கண்ணாடியே இல்லை. ஸ்டுர்மின் பெட்டியில் தொடங்கிய ஒரு பயணம் ஏறத்தாழ முடிந்துவிட்டது எனலாம். எஞ்சியிருப்பவை நம் வீட்டு அலமாரிகளில் உறங்குபவையும், அவற்றைத் திறக்கத் தெரிந்த சில முதிய கைகளும்தாம். அக்கைகள் அறிந்தவை பெரும்பாலும் எழுதிவைக்கப்படவில்லை. காமிராக்கள் காலத்தால் அழிவதைவிட, அவற்றின் காலத்தை அறியாத நம் கைகளால் அழிவதே மிகுதி.

நண்பரின் காமிரா இன்றும் இயங்குகிறது. கண்ணாடியில் எங்கள் கைக்குட்டையின் கீறல்கள் அப்படியே இருக்கின்றன. வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் வியூஃபைண்டரில் மெல்லிய புகைபோல் தெரியும். படத்தில் அவை விழுவதில்லை. கண்ணில் மட்டும் விழுகின்றன. புதுக் கண்ணாடி மாற்றித் தரலாமா என்று மெக்கானிக் கேட்டபோது, நண்பர் வேண்டாம் என்றார். நாங்களும் வற்புறுத்தவில்லை.